பாதி மெய்யும் பகைமையும்

(விருத்தாசலத்தில் கூடிய நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



பள்ளியில் இலக்கணமும் இலக்கியமும் ஓதுவிக்கும் தொழிலினேன் யான். அரசியல் மேடைக்கு உரியேன் அல்லேன். எனினும், "நாட்டுப்பற்றும் பிரசாரமும் பிற இனத்தாரைப் பற்றிய நம் எண்ணத்தை எவ்வாறு ஆக்குகின்றன?" என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் பணித்தனர். பெரியோர் பணித்ததை மறுத்தல் தகாது. ஆதலின் அறிந்தவற்றைச் சுருங்கக் கூற முற்படுகின்றேன். குறையிருப்பின் பொறுத்தருள்க.

இப்பொருளை வெறுங் கொள்கையாகப் பேசின் அது காற்றிற் கரைந்துபோம். நமக்கு மிக அணித்தாயுள்ள இலங்கைத் தீவில், நம் மொழி பேசுவோர் அளவிறந்த துன்பம் எய்தினர். அத் தீவின் வரலாற்றையே சான்றாகக் கொள்ளுவேன். இறுதியில் நம் இல்லத்தையும் நோக்குவேன்.

பிரசாரம் என்ற சொல்லைக் கேட்டவளவில், அது பொய் பரப்புந் தொழில் என்றே பலரும் கருதுகின்றனர். முழுப்பொய் நெடுநாள் நில்லாது. யாரேனும் ஒருவர் அதனை வெளிப்படுத்திவிடுவர். மெய்யிற் பாதியை எடுத்து உரக்க ஓதி, மற்றைப் பாதியை மெல்ல மறைத்துவிடுதலே தேர்ந்த பிரசாரம். பாதி மெய்யை மறுப்பது அரிது; அதனை நம்புவதோ எளிது. நம்மூர்ப் பீங்கான் தொழிலாளர் நன்கறிவர்: களிமண் குழம்பு ஒன்றே, வார்க்கும் அச்சு எதுவோ அதுவே அதன் உருவம். சூளையில் வெந்தபின் அதனை உடைக்கலாமேயன்றி வளைத்தல் இயலாது. இளம்பிள்ளைகளின் உள்ளமும் அத்தகைத்தே. எந்தப் பாதியை வார்க்கின்றோமோ அதுவே அவர்தம் உள்ளத்தில் வெந்து இறுகிவிடுகின்றது.

கதையிற் பாதி

எல்லாளன் என்னும் சோழநாட்டு வேந்தன் அநுராதபுரத்திலிருந்து நாற்பத்துநான்கு ஆண்டு செங்கோல் செலுத்தினான். அவனைத் துட்டகைமுனு என்னும் சிங்கள அரசன் பொருது வென்றான். இவ்வரலாற்றைக் கூறும் நூல் மகாவமிசம்; பௌத்தத் துறவி ஒருவர் பாலி மொழியில் இயற்றியது. இருபதாம் நூற்றாண்டில் இலங்கையில் எத்துணையோ மேடைகளில், தமிழரைத் துரத்திய வீரன் கதையாக இஃது ஓதப்பட்டது. சிறுவரும் அவ்வாறே கேட்டு வளர்ந்தனர்.

ஆயின் அந்நூலைத் திறந்து பார்ப்போர்க்கு வியப்பு ஒன்று காத்திருக்கின்றது. எல்லாளன் நண்பர்க்கும் பகைவர்க்கும் ஒப்ப நீதி செய்தான் என்று அந்நூலே கூறுகின்றது. அவன் படுக்கையின் தலைமாட்டில் ஆராய்ச்சி மணி தொங்கியது. தேர்க்காலிற் கன்றை இழந்த பசு அம்மணியை அசைத்தது. மன்னன் தன் மகனையே அத் தேர்க்காலில் இட்டுத் தண்டித்தான். திருவாரூரிற் கல்தேராய் நிற்கும் மனுநீதிச் சோழன் வரலாறும் இதுவேயன்றோ! பிறிதொரு நாள், மன்னன் சென்ற தேரின் நுகம் புத்தர் தூபி ஒன்றைச் சிதைத்தது. அவன் உடனே இறங்கித் தன் தலையை வெட்டுமாறு அமைச்சரை வேண்டினான். பின்னர் அத் தூபியைச் செப்பஞ் செய்வித்தான். பௌத்தன் அல்லாத மன்னன் ஒருவனைப் பற்றிப் பௌத்தத் துறவி எழுதிவைத்த செய்தி இஃது.

போர் முடிந்தபின் துட்டகைமுனு செய்தது யாது? வீழ்ந்த பகைவனுக்கு உரிய ஈமக்கடன் ஆற்றினான்; அவ்விடத்தே நினைவுச்சின்னம் எழுப்பினான்; அதனை வழிபடுமாறு ஆணையும் இட்டான். இலங்கை அரசர் அவ்விடத்தை அணுகும்போது வாத்திய ஒலியை அடக்குவது தம் காலத்தும் வழக்கம் என்று நூலாசிரியர் குறிக்கின்றார். பல நூற்றாண்டு கழிந்தும் அவ் வழக்கம் மாயவில்லை. 1818-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் தோற்றுத் தப்பியோடிய கண்டிப் பிரதானி பிலிமத்தலாவை, உயிருக்கு அஞ்சி ஓடும் அந்நிலையிலும், அவ்விடம் வந்ததும் சிவிகையினின்றும் இறங்கி நடந்து சென்றான் என ஃபோர்ப்ஸ் என்னும் ஆங்கில அதிகாரி எழுதிவைத்துள்ளார்.

பின்னர் யாது நேர்ந்தது? இருபதாம் நூற்றாண்டின் நடுவில், எல்லாளன் கல்லறை என மக்கள் கருதி வந்த அம்மேடு, தக்கிண தூபம் என்னும் பௌத்தத் தூபியே எனத் தொல்லியலார் முடிவு கூறினர். அங்குக் கிடைத்த சாம்பல் துட்டகைமுனுவினுடையதே என்ற கூற்றும் எழுந்தது. அம் மேட்டின் உண்மை யாதாயினும் ஆகுக. அதனை ஆராய்தல் அறிஞர் கடன். அம் மேட்டைக் கண்டு தலைவணங்கிய சிங்கள மக்களின் பண்பு, அக்கூற்றோடு நினைவினின்றும் நீங்கிற்று என்பதே யான் ஈண்டு வருந்திக் கூறுவது. வென்றவன் வாள் எஞ்சியது. அவன் காட்டிய வணக்கம் மறைந்தது. பாதி மெய்யின் தொழில் இதுவே.

நமக்கும் இங்கு ஒரு பாடம் உண்டு. எல்லாளன் பெயர் சங்கநூல்களில் இல்லை. அவன் செங்கோன்மையை உலகம் இன்று அறிவது பகைவர் நாட்டுத் துறவியின் நூலால். போரில் மாண்டவருட் பௌத்தரல்லாதாரை மனிதராகவே எண்ணவேண்டா எனத் துறவியர் அரசனுக்குத் தேறுதல் கூறியதாகவும் அதே நூல் உரைக்கின்றது. அதனை நாம் கண்டிக்கின்றோம், கண்டித்தல் தகும். ஆயின், தமிழ் வேந்தனின் புகழைக் காத்துத் தந்ததும் அந்நூலே என்பதனை நாம் நம் பிள்ளைகட்குக் கூறுகின்றோமா?

ஆட்சியாளர் வார்த்த அச்சு

கண்டியை இறுதியாக ஆண்ட ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கன் தென்னாட்டு நாயக்கர் வழியினன். அவன் முன்னோர் 1739 முதல் அவ்வரியணையில் இருந்தனர். பௌத்த சமயத்தைப் பெரிதும் புரந்தனர். 1815-இல் ஆங்கிலேயர், கண்டிப் பிரதானிகளோடு உடன்படிக்கை செய்து அந்நாட்டைக் கைக்கொண்டனர். அவ்வுடன்படிக்கை, அரசனைக் கொடியவன் என்றதோடு நில்லாமல், அவன் இனத்தாரை "மலபாரியர்" எனக் குறித்து, அவ்வினத்து ஆடவர் அந்நாட்டில் இருத்தலையும் தடுத்தது. ஒருவன் குற்றம் ஓர் இனத்தின் குற்றமாக எழுத்தில் ஏறியது. அவ்வுடன்படிக்கையிற் பிரதானிகள் சிலர் இட்ட கையெழுத்தே தமிழ் எழுத்தில் இருந்தது என்பது நினைக்கத்தக்கது. வேலூருக்குச் சிறையாக அனுப்பப்பட்ட அரசன் 1832-இல் அங்கேயே மாண்டான்.

பின்னர் மொழியாராய்ச்சி வளர்ந்தது. சிங்களம் ஆரிய மொழிக் குடும்பத்தது என்றும், தமிழ் திராவிட மொழிக் குடும்பத்தது என்றும் அறிஞர் வகுத்தனர். அது சொற்களைப் பற்றிய வகுப்பு. மேடைப் பேச்சாளரோ அதனைக் குருதியைப் பற்றிய வகுப்பாக்கினர். தமிழாசிரியன் என்ற முறையில் இதனை யான் வற்புறுத்துதல் கடன்: மொழிக் குடும்பம் வேறு, பிறப்புக் குடும்பம் வேறு. சிங்களவர் வீட்டிலும் மூத்த சகோதரியை "அக்கா" என்றே அழைக்கின்றனர். தென்மேற்குக் கரையிலுள்ள சிங்களக் குலத்தார் பலரின் முன்னோர், இடைக்காலத்தில் தென்னிந்தியாவினின்றும் குடியேறியவரே. இவை மறுக்கவியலாத செய்திகள். இவற்றை நினைவூட்டுவோர் மிகச் சிலரே.

நாற்பது ஆண்டுகள்

நாட்டுப்பற்றை யான் பழிக்கின்றேன் எனக் கருதற்க. அந்நியர் ஆட்சியிற் குனிந்திருந்த சிங்கள மக்களுக்கு அநகாரிக தர்மபாலர் தலைநிமிரக் கற்பித்தார். குடியை இகழ்ந்தார், கல்வியைப் போற்றினார். நம் போற்றுதற்குரிய பணி அது. ஆயின், 1906-இல் அவர் தொடங்கிய "சிங்கள பௌத்தயா" என்னும் பத்திரிகையும், அவரது பேச்சும், வணிகம் செய்துவந்த முஸ்லிம்களை நாட்டைச் சுரண்டும் அந்நியராகச் சித்திரித்தன. தன்னை உயர்த்த வந்த சொல், பிறரைத் தாழ்த்தும் சொல்லாயிற்று. 1915-ஆம் ஆண்டு மே மாத இறுதியில், கண்டியில் ஊர்வலம் பற்றி எழுந்த பூசல் நாடெங்கும் முஸ்லிம்களுக்கு எதிரான கலகமாய் மூண்டது.

ஆங்கில அரசு படைச்சட்டம் பிறப்பித்து, சிங்களத் தலைவர் பலரைச் சிறையிட்டது. பலரைச் சுட்டுக் கொன்றது. அப்போது சிங்களவர் பொருட்டு வாதாடியவர் யார்? பொன்னம்பலம் இராமநாதன் என்னும் தமிழர். உலகப் போர் நிகழ்ந்துகொண்டிருந்த காலத்தில், கடல் அபாயத்தையும் எண்ணாது, இங்கிலாந்து சென்று முறையிட்டார். அவர் திரும்பி வந்தபோது, சிங்கள மக்கள் அவரது வண்டியிற் பூட்டிய குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தம் கைகளாலேயே கொழும்பு வீதியில் இழுத்துச் சென்றனர். அக்காட்சியை எண்ணுந்தோறும் உள்ளம் உருகுகின்றது. அதே வேளையில் கலகத்தில் அடியுண்ட முஸ்லிம்கள், இராமநாதன் தம் துன்பத்தைக் கருதவில்லை என வருந்தினர் என்பதனையும் மறைத்தல் ஆகாது. அதுவும் மெய்யின் ஒரு பாதியே.

இதற்கு நாற்பது ஆண்டுக்குப்பின், 1956 ஜூன் 5-ஆம் நாள், அதே கொழும்பில், காலிமுகத்திடலில், சிங்களம் ஒன்றே ஆட்சிமொழி என்னும் மசோதாவை எதிர்த்துச் செல்வநாயகம் தலைமையில் அறவழியில் அமர்ந்த தமிழரைக் கூட்டம் ஒன்று அடித்துத் துன்புறுத்தியது. வண்டியிழுத்தவர் மக்களோ, பேரரோ அக்கூட்டத்தில் இருந்திருத்தல் கூடும். அந்த நாற்பது ஆண்டில் அவர் குருதி மாறிற்றா? அவர் காதில் விழுந்த சொல்லே மாறிற்று. தேர்தல் வந்தது, வாக்கு வேண்டியிருந்தது, "உன் மொழி அழிகின்றது, அழிப்பவன் அவன்" என்ற கூச்சல் வாக்குகளை ஈட்டித் தந்தது. அச்சட்டம் கொணர்ந்த பண்டாரநாயக்கர், 1926-இல் இலங்கைக்குக் கூட்டாட்சியே ஏற்றது என வாதித்தவர். அவர் குலத்தின் முன்னோன் நீலப்பெருமாள் என்னும் தென்னாட்டினன் எனக் குலவரலாறு ஆராய்ந்தோர் கூறுவர். அவர் 1957-இல் செல்வநாயகத்தோடு ஒப்பந்தம் செய்தார். துறவியரும் எதிர்க்கட்சியாரும் கூச்சலிட, 1958-இல் அதனைக் கிழித்தார். 1959-இல் பௌத்தத் துறவி ஒருவனது துப்பாக்கிக்கே இரையானார். தாம் மூட்டிய தீ எவரையும் பிரித்தறியாது என்பதற்கு இதனின் மிக்க சான்று வேண்டுமோ?

ஒரு மொழியை மட்டும் ஏற்றினால் நாடு இரண்டாகும் எனப் பாராளுமன்றத்தில் 1956-இலேயே எச்சரித்த கொல்வின் ஆர். டி சில்வா ஒரு சிங்களவர். இவ்வுண்மையை நம் மேடைகளிற் கேட்பது அரிது.

வதந்தி என்னும் தூது

பாதி மெய்யால் உழப்பட்ட நிலத்தில் முழுப்பொய்யும் முளைக்கும். 1958-ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது, பாணந்துறையைச் சேர்ந்த சிங்கள ஆசிரியை ஒருத்தியை மட்டக்களப்பிலே தமிழர் கொடுமையாகச் சிதைத்தனர் என்ற செய்தி பரவிற்று. பாணந்துறையில் வெறிகொண்ட கூட்டம் இந்துக் கோயிலுட் புகுந்து அருச்சகரை உயிரோடு கொளுத்தியது. பின்னர்க் கல்வித் துறையார் ஏட்டைப் புரட்டிப் பார்த்தனர். மட்டக்களப்புப் பள்ளிகளில் அவ்வூர் ஆசிரியை ஒருத்தியேனும் பணியில் இல்லை! தார்சி வித்தாச்சி என்னும் சிங்களப் பத்திரிகாசிரியர் இதனைத் தம் நூலில் வெளியிட்டார். அந்நூல் இலங்கையிலே தடைசெய்யப்பட்டது. ஏடு ஒன்றைப் புரட்டும் சிறு பணியை முன்னரே யாரேனும் செய்திருப்பின் ஓர் உயிர் தப்பியிருக்கும் அன்றோ?

அஃது அச்சுத்தாளும் வாய்மொழியும் இருந்த காலம். அறுபது ஆண்டு கழித்து, 2018 பிப்ரவரியில், அம்பாறையில் முஸ்லிம் ஒருவரது உணவுக் கடையில், சிங்களவர்க்கு மகப்பேறின்மை உண்டாக்கும் மருந்தைச் சோற்றிற் கலக்கின்றனர் என்ற பேச்சு கைப்பேசிகள் வழிப் பரவிற்று. கடை தாக்கப்பட்டது, பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. அடுத்த மாதம் கண்டிப் பகுதியிலும் கலவரம் எழ, அரசு முகநூலைச் சில நாள் முடக்கியது. கடைச்சோற்றைச் சோதித்த அரசாங்க ஆய்வாளர் கண்டது யாது? மாவுக்கட்டி! 1958-இல் ஏட்டில் இல்லாத ஆசிரியை, 2018-இல் மாவுக்கட்டி. கருவி மாறிற்று; கேட்போர் மனம் மாறவில்லை. அயலான் கொடியவன் என முன்னமே வெந்து இறுகிய உள்ளத்திற்குச் சான்று எதற்கு?

நம் பக்கத்துப் பாதி

இதுகாறும் கூறியவற்றைக் கேட்டு, "சிங்களவர் இத்தகையர்" என்று யாரேனும் மனத்துட் கூறிக்கொள்வரேல், யான் பேசியது முற்றும் வீணாயிற்று. 1983 ஜூலையிற் கொழும்பு நகரில் தமிழர் வீடுகளைத் தேடித் தேடிக் கொளுத்தினர். வாக்காளர் பட்டியலைக் கையிற்கொண்டு கலகக்காரர் வந்தனர். அதே நாளில் தம் உயிரையும் பொருட்படுத்தாது தமிழ் அயலாரை வீட்டுள் மறைத்துக் காத்த சிங்களவரும் பலர். இரண்டும் நிகழ்ந்தவையே. முன்னதை மட்டும் சொல்லிப் பின்னதை விடுவோமாயின், நாமும் அச்சு வார்ப்போரே ஆவோம்.

1990 அக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள், இரண்டு மணி நேரத்தில் ஊரைவிட்டு நீங்குமாறு விடுதலைப் புலிகளாற் பணிக்கப்பட்டனர். வடமாகாணத்தினின்றும் வெளியேற்றப்பட்டோர் ஏறக்குறைய எழுபதினாயிரவர். அவர்கள் பேசியது தமிழ், பிறந்தது அம்மண். "உளவாளிகள்" என்னும் ஒரு சொல் அவ்வளவு பேரையும் ஏதிலிகள் ஆக்கிற்று. தமிழர் நூலகம் எரிந்ததற்கு அழுத நாம் இதற்கு எவ்வளவு அழுதோம்?

நம் தமிழ்நாட்டை நோக்குவோம். 1983-இற் கடல் கடந்து வந்த அகதிகளைக் கண்ணீரோடு வரவேற்றோம். 1991 மே 21-இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபின், அதே முகாம்களில் இருந்த அதே தாய்மாரையும் குழந்தைகளையும் ஐயத்தோடு நோக்கினோம். பிள்ளைகள் பள்ளியிலும் கல்லூரியிலும் சேர்வதற்கே இடர்ப்பட்டனர். 2021-இல் அம்முகாம்கட்கு "மறுவாழ்வு முகாம்" எனப் பெயர் மாற்றப்பட்டது; பெயரோடு நம் பார்வையும் மாறவேண்டும். 2013 மார்ச்சில், தொல்லியல் பயிலும் மாணவர் குழுவோடு தஞ்சைப் பெரியகோயிலைக் காண வந்த இலங்கைப் பௌத்தத் துறவி ஒருவர் அங்கேயே தாக்கப்பட்டார். பகைவனை வென்று அவன் சின்னத்தை வணங்கியவன் கதையைப் பேசினேன். இராசராசன் எடுத்த கோயிலைக் கற்க வந்த மாணவனை அடித்தது எந்த வீரம்?

நம் சங்கத்தார்க்கு

பெரியோர்களே! இனி நம் இல்லத்திற்கு வருவோம். இலங்கையில் "இனம்" செய்ததனை இங்குச் "சாதி" செய்கின்றது. 1901-ஆம் ஆண்டு மக்கட்கணக்கில், ரிஸ்லி என்னும் அதிகாரி சாதிகளை உயர்வு தாழ்வுப்படி வரிசைப்படுத்த முனைந்தார். நாடெங்குமுள்ள சாதிச் சங்கங்கள் தம் வரிசையை உயர்த்துமாறு விண்ணப்பம் விடுத்தன. குலவரலாறுகள் பல அச்சேறின. அவற்றிற் பெரும்பாலனவற்றில் எழுதுவோர் முன்னோர் மன்னர். அயற்சாதியாரோ பின்வந்தோர், அல்லது வஞ்சித்தோர். எல்லாரும் மன்னராயின் உழுதவர் யார், நெய்தவர் யார், குளம் வெட்டியவர் யார்?

குலப்பெருமை வீட்டுக்குள் இருக்குமளவும் இனிய கதை. அது வாளாக மாறுவது வெகு தொலைவில் அன்று. 2003-ஆம் ஆண்டில் இவ்விருத்தாசலத்தை அடுத்த சிற்றூரில், சாதி கடந்து மணந்துகொண்ட இளைஞனும் பெண்ணும் நஞ்சூட்டிக் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டனர். வழக்கு முடிந்து கடலூர் நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது 2021-இல். அந் நஞ்சு ஒருநாளில் காய்ச்சப்பட்டதன்று; திண்ணையிலும் மேடையிலும் பன்னெடுங்காலம் காய்ச்சப்பட்டது. "அவர்கள் இத்தகையர்" என்று நம் பிள்ளைகள் முன் நாம் கூறும் ஒவ்வொரு சொல்லும் அதில் ஒரு துளி. இதனைச் சொல்லுதற்குச் சாதிச் சங்கத்தின் மேடையே தக்க இடம். பிற இடத்தில் சொல்லின் அது பிறரைப் பழித்தலாகும்.

ஆதலின் மூன்று வேண்டுகோள் விடுக்கின்றேன். முதலாவது, நம் மாதப் பத்திரிகையிற் பிற சமூகத்தாரைப் பற்றிய செய்தி எதுவும், ஊரும் ஆண்டும் சான்றும் இன்றி வெளிவருதல் கூடாது. அச்சமூகத்தார் ஒருவரைக் கேட்டறிந்த பின்னரே வெளிவருக. இரண்டாவது, நம் சங்க உறுப்பினரின் கைப்பேசிக் குழுக்களில் வரும் செய்தியைப் பிறர்க்கு அனுப்புமுன், "இதனைக் கண்ணாற் கண்டவர் யார்?" என்று ஒரு வினா எழுப்புக. விடை வாராதாயின் அச்செய்தி அங்கேயே நிற்க. மூன்றாவது, ஆண்டுக் கூட்டந்தோறும் அயற்சமூகத்துப் பெரியார் ஒருவரை அழைத்து, அவர்கள் கண்ணில் நாம் எவ்வாறு தோன்றுகின்றோம் என்பதனைப் பேசச்செய்து பொறுமையோடு கேட்போமாக. நாம் மறந்த பாதி அவரிடம் இருத்தல் கூடும்.

இவற்றால் நம் குலத்தின் மானம் குறையுமோ என அஞ்சுவார் சிலர் இருத்தல் கூடும். வீழ்ந்த பகைவனுக்குச் சின்னம் எழுப்பியதால் துட்டகைமுனுவின் புகழ் குறைந்ததா? தன் மகனைத் தண்டித்ததால் எல்லாளன் குடி தாழ்ந்ததா? அவ்விருவரையும் இன்றும் நினைக்கச் செய்வன அச்செயல்களே.

இளைஞர்காள்! உம் நாட்டை நேசியுங்கள். உம் மொழியை உயிரெனப் போற்றுங்கள். உம் முன்னோரை மறவாதீர்கள். அந்நேசத்தை வளர்க்க அயலாரின் தீமையை உரமாக இடாதீர்கள். எவரேனும் ஓர் இனத்தைப் பற்றிய கதையைக் கூறினால், "மற்றைப் பாதி எங்கே?" என்று பணிவோடும் துணிவோடும் கேளுங்கள். அவ்வினா ஒன்று நம் வீடுகளில் வழக்கமாய் நிலைபெறின், அடுத்த தலைமுறையின் உள்ளம் வேறு அச்சில் வார்க்கப்படும்.